வேட்டிக்குத் தோதான துப்பாக்கி

உக்காருங்க தம்பி. இப்பிடி இந்தப் பக்கமா உக்காந்தீங்கன்னா ஃபேன் காத்து வரும், அந்தக் கோடியில வேத்து ஊத்தும். இன்ஸ்பெக்டரம்மா மீட்டிங்ல இருக்குதுங்க, இப்போதைக்குக் கூப்பிடாது. நீங்க துப்பாக்கி லைசென்ஸ் விசாரணைக்குத்தான வந்திருக்கீங்க? ரைட்டர்கிட்ட நீங்க சொன்னது காதுல உழுந்துச்சு. பெட்ரோல் பங்க் வெச்சிருக்கீங்க, வசூலை எடுத்துட்டுத் தனியா வண்டியில போறீங்க. நாயமான காரணந்தானுங்க. குடுத்துருவாங்க, கவலப்படாதீங்க.

நானும் அதே வெசயமாத்தான் வந்திருக்கறேன். எங்கிட்ட ஒரு ரிவால்வர் இருக்குதுங்க. லைசென்ஸ் எல்லாஞ் சுத்தமா இருக்குது. எலெக்சன் தேதி சொல்லிட்டாங்கன்னா லைசென்ஸ் வெச்சிருக்கற அத்தனை பேரும் துப்பாக்கியக் கொண்டாந்து ஸ்டேசன்ல ஒப்படைச்சுப்போடணும், அது சட்டம். நானும் ஒப்படைச்சேன். இப்ப எலெக்சன் முடிஞ்சு மந்திரிங்க எல்லாம் பதவி ஏத்தாச்சு. சரி, நம்ம பொருளை வாங்கிட்டுப் போலாம்னு வந்தா இந்தம்மா வேற பேச்சுப் பேசுது. உங்க மகள் மனு குடுத்திருக்குதுங்க சென்னியப்பன், துப்பாக்கியத் திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு எழுதியிருக்குதுங்குது.

அந்தா வெளிய, காம்பவுண்டுச் சுவத்துகிட்டப் புங்கமரம் இருக்குதுங்களா? சட்டுனு திரும்பாதீங்க தம்பி, மெதுவாப் பாருங்க. பச்சைச் சுடிதாரு. கைத்தடிய மடி மேல வெச்சுட்டு உக்காந்திருக்குது. அதுதான் எம்பட மகள், கீர்த்தனா. ஒரே புள்ளைங்க. பி.காம் கடைசி வருசம் பரீட்சை எழுதாம நின்னுபோச்சு. நான் உள்ள வர்றப்ப அதைத் தாண்டித்தான் வந்தேன். நிமுந்து பாக்கலைங்க.

இன்ஸ்பெக்டரம்மா சொல்றது என்னன்னா, எனக்கு இது வேண்டாம்னு நான் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா அந்தப் புள்ள இன்னைக்கே எங்கூட வீட்டுக்கு வந்துருமாம். அவங்கம்மாளும் வந்துருமாம். இல்லை, எனக்கு வேணும்னா சட்டப்படி குடுத்துத்தான ஆகணும், குடுத்தர்றேன், ஆனா உங்க மகள் வராதுங்குது. போயி வெளிய உக்காந்து ரோசனை பண்ணிச் சொல்லுங்கன்னு அனுப்பிருச்சு. சின்னப் பசங்களைப் பள்ளிக்கூடத்துல வெளிய நிறுத்துவாங்க பாருங்க, அப்பிடி. நம்ம வயசென்ன, தொழிலென்ன. சொல்லிப் பிரயோசனமில்லை.

நீங்க முழுசாக் கேட்டுட்டு நாயஞ் சொல்லுங்க தம்பி. நீங்களும் வாங்கப்போறவரு, உங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

எங்களுக்குக் காங்கயத்துக்கு இந்தப்பக்கம் தோட்டமுங்க. கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். தேங்காயை ஒடைச்சுக் காயப்போட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்பறது. களத்துக்குப் பின்னால எந்தம்பி நாச்சிமுத்து ஊடு. பாகம் பிரிச்சப்ப ரோட்டுப் பக்கம் எனக்கு வந்துச்சு, பின்பக்கம் அவனுக்குப் போச்சு. அவன் ரோட்டுக்கு வரணும்னா என் களத்து ஓரமாப் போற வண்டித்தடத்துலதான் வரணும். எங்கப்பன் காலத்துத் தடம். ஆனாப் பத்திரத்துல இல்லைங்க. நல்லாக் கேட்டுக்குங்க, பத்திரத்துல இல்லை.

அவன் லாரி புழுதியக் கெளப்பிட்டுப் போகும், காயற கொப்பரை மேல பூராவும் மண்ணு படியும். மெதுவாப் போடான்னு சொன்னேன். தடத்துக்குத் தண்ணி தெளிண்ணாங்கறான். நான் தெளிக்கணுமாமா? சரி போடான்னு ஒரு இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டிட்டேன். சாவி என்ற இடுப்புல. அவனுக்கு வழியே இல்லாமப் போகலைங்க. வாய்க்கா மேட்டுல ஒரு மண்ரோடு இருக்குது, சுத்திக்கிட்டுப் போலாம். கொஞ்சம் தூரம். மழை பேஞ்சாச் சக்கரம் எறங்கும். அவ்வளவுதான்.

அதுக்கு அவன் என்ன பண்ணுனான்னு கேளுங்க. எங்க பெரியப்பன் பேத்தி கல்யாணத்துல, சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேரு முன்னால, பந்தி முடிஞ்சு கை கழுவற எடத்துல என்ற சட்டையப் புடிச்சுட்டான். நீ இருக்கற வரைக்கும் எனக்கு வழியில்லைன்னா நீ இல்லாமப் போனா வழி வந்துருமான்னு கேட்டான். கேட்டுட்டு அழுதான். அழுதான்ங்கறதை எல்லாரும் சொல்றாங்க. கேட்டதை எவனும் சொல்றதில்லை. நீ இல்லாமப் போனாங்கறான் தம்பி. அதுக்கு என்ன அர்த்தம்?

அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமில்லை. நெசத்தைச் சொல்றேன், பயந்துட்டேன். நாய் கொலைச்சா எந்திரிச்சு உக்காந்துக்குவேன். எங்கூட்டுக்காரி வசந்தாமணி சொல்லுவா, உங்க தம்பிக்குக் கோழி அறுக்கறதுக்கே ஆள் வேணும், அவரா வந்து உங்களை வெட்டப்போறாருன்னு. பொம்பளைங்களுக்கு என்ன தெரியும். அலைஞ்சு திரிஞ்சு லைசென்ஸ் வாங்குனேன். உயிருக்கு ஆபத்துன்னு எழுதுனேன். யாரால ஆபத்துன்னு கேட்டாங்க. கூடப் பொறந்தவன் பேரை எழுதறதுக்குக் கை வரலைங்க, மொத்தத்துல எழுதாமலும் இல்லை.

இப்பத்தான் நீங்க கவனிக்க வேண்டிய எடம். துப்பாக்கி எடுக்கறதுக்குக் கோயமுத்தூர்ல ஒரு கடைக்குப் போனோம். வசந்தாமணியவும் கூட்டிட்டுத்தான் போனேன், சேலை எடுக்கறதுக்குப் போற மாதிரி. கடைக்காரர் பச்சைத் துணிய விரிச்சு நாலஞ்சு உருப்படிய வரிசையா வெச்சாரு. வெச்சுட்டு மொதல்ல என்ன கேட்டாருன்னு நெனைக்கறீங்க? பேன்ட் போடுவீங்களா, வேட்டி கட்டுவீங்களான்னு கேட்டாரு. அதுதான் அடிப்படைங்க. நீங்க பேன்ட்டுக்காரரு, பெல்ட்டுல உறை போட்டு மாட்டிச் சட்டைய எடுத்து வெளிய உட்டுக்குவீங்க. நம்ம பொறந்ததுல இருந்து வேட்டி. வேட்டியில எங்க வெக்கறது?

பெரிய உருப்படி ஒண்ணு காட்டுனாரு. குழல் நீளம், நல்ல இரும்பு. கையில எடுத்தேன். நான் கொப்பரைக்காரன், தூக்குனா எடை சொல்லிப்போடுவேன். முக்காக் கிலோவுக்கு மேல போகும். அதை இடுப்புல சொருகுனா நடக்கறப்ப வேட்டி அவுந்து உழுந்துரும். அப்பறம் சின்னதா ஒண்ணு எடுத்தாரு. குட்டைக் குழல், ஒடம்பு லேசான உலோகம், உள்ளங்கையில அடங்கிருச்சு. அரைக் கிலோதான் இருக்கும். அதுலயும் ரெண்டு மாதிரி. ஒண்ணுல பின்னால சுத்தியாட்டம் கொக்கி நீட்டிட்டு இருக்கும். அவசரத்துல உருவுனா துணியில மாட்டிக்கும். இன்னொண்ணுல அந்தச் சமாச்சாரமெல்லாம் உள்ள அடங்கிருக்கும், மேல வழவழன்னு கூழாங்கல்லாட்டம் இருக்கும். உங்களுக்கு இதுதானுங்க தோதுன்னாரு.

ஆனா நல்ல மனுசன், குறையும் சொன்னாரு. எடை கம்மின்னா சுடறப்ப உதை ஜாஸ்தி, கை தூக்கியடிக்கும், குறி தப்பும். பழகாமச் சுட்டா யாரு மேல படும்னு சொல்ல முடியாது. பெருசுன்னாக் கையில நிக்கும், நிதானமா இருக்கும்னாரு. நான் சொன்னேன், நான் சுடறதுக்கு வாங்கலைங்க, இருக்கறதுக்கு வாங்கறேன்னு. அவர் என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, அப்பிடின்னா வாங்காமயே இருக்கலாமுங்களேன்னாரு. வியாபாரி பேசற பேச்சா அது? வசந்தாமணி ஒடனே எந்திரிச்சு, அந்தக் கடைக்காரரே சொல்லிட்டாரு, வாங்க போலாம்னா. நான் உக்காருன்னேன். உக்காந்துட்டா. அந்தச் சின்னதையே எடுத்தேன்.

எங்க வெக்கறதுன்னு பெரிய ஆராய்ச்சி. மடியில கட்டிப் பாத்தேன், உக்காந்தா வயித்துல குத்துது. வியாபாரிங்க கட்டற அகல பெல்ட்டு இருக்குது பாருங்க, பர்ஸு வெச்சது, அதுல வெச்சா முன்னால முட்டிட்டு நிக்குது, பாக்கறவன் சிரிப்பான். கடைசியில நம்ம டெய்லரைக் கூப்பிட்டுப் பட்டாப்பட்டி டிராயர்ல வலது பக்கம் கித்தான் துணியில கெட்டியா ஒரு பை தைக்கச் சொன்னேன். என்னத்துக்குங்கன்னான். செல்போனுக்குன்னேன். அளவு எடுத்தவன் எடுத்தபடி நின்னான். வேட்டிய ஒரு பக்கம் ஒதுக்குனாக் கை நேராப் போயிரும். வெளிய துளி தெரியாது. நீங்க இப்ப என்னைப் பாத்தீங்கன்னாத் தெரியுமா? இப்ப இல்லைங்க, இருக்கறப்பச் சொல்றேன்.

ஒருத்தருக்கும் தெரியாம வெச்சிருந்தேன் தம்பி. கோயிலுக்குப் போனாலும் இருக்கும், எழவுக்குப் போனாலும் இருக்கும். அதுக்கப்பறம் ஊர்ல நமக்கு மரியாதையே தனிங்க. கல்யாணப் பந்தியில உக்காந்தா வலது பக்கத்து எலையில யாரும் உக்கார மாட்டாங்க, தாராளமா எடம் உட்டுருவாங்க. பேச்சு நடக்கற எடத்துக்குப் போனாப் பேச்சு நின்னுரும். குழந்தைங்க ஓடி வந்தாத் தாய்மாருங்க சட்டுனு புடிச்சு இழுத்துக்குவாங்க, பெரியவரு மேல உழுந்துறாதேன்னு. முன்ன எல்லாம் சென்னியப்பண்ணான்னு தோள்ல கை போடறவனெல்லாம் ஒதுங்கி நின்னு கும்பிடறான். மனுசனுக்கு ஒரு கெத்து வேணுமுங்க.

கான்ஸ்டபிள் யாரையோ கூப்பிடறான். நம்ம பேர் இல்லை. உக்காருங்க, உக்காருங்க.

கீர்த்தனா அப்ப கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து படிச்சுட்டு இருந்துச்சு. சனி, ஞாயிறு வந்துரும். வந்தா என்ற பக்கத்துலதான் உக்காரும், கொப்பரையத் திருப்பிப்போடும், எனக்கு ஃபோன்ல ஏதாச்சும் வீடியோ காட்டிச் சிரிக்கும். அந்த வருசம் ஆயுத பூசைக்கு வந்துச்சு. எங்களுக்கு ஆயுத பூசைன்னா விமரிசையா நடக்கும். தராசு, அருவா, கொப்பரை நோண்டற கத்தி, மோட்டாரு, வண்டிச் சாவி எல்லாத்தையும் கழுவி வெச்சுச் சந்தனம், குங்குமம் வெப்பா எங்கூட்டுக்காரி. நான் இதையும் கொண்டாந்து தராசுத் தட்டுல வெச்சேன். ஆயுதம்னா இதுதானுங்க ஆயுதம்? வசந்தாமணி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு வந்தவ அதுகிட்ட வந்ததும் கையத் தொடைச்சுட்டா. அதுக்கு மட்டும் நான் வெக்க மாட்டேன்னுட்டா. நானே வெச்சேன். மூணு சொட்டுச் சந்தனம், ஒரு குங்குமம். லட்சணமா இருந்துச்சு.

கீர்த்தனா தட்டைப் பாத்துட்டே நின்னுச்சு. இது யாருக்குப்பான்னு கேட்டுச்சு. பாதுகாப்புக்குச் சாமின்னேன். யார்கிட்ட இருந்துப்பான்னுச்சு. உங்க சித்தப்பன்கிட்ட இருந்துதான்னேன். புள்ளைகிட்டப் பொய் சொல்ல முடியுங்களா? அது சுண்டலைக் கூடச் சாப்பிடாம மத்தியானமே பையத் தூக்கிட்டு, பரீட்சை இருக்குதுன்னு கெளம்பிருச்சு. அதுக்கப்பறம் வாரா வாரம் வர்றது நின்னுபோச்சு. கேட்டாப் பிராஜெக்டுங்கும், கேம்ப்புங்கும். புள்ள நல்லாப் படிக்குது, படிக்கட்டும்னு உட்டுட்டேன்.

அதே நேரத்துலதான் வசந்தாமணிக்கு பக்தி முத்திப்போச்சு. சனிக்கெழமையானா விடியறப்பவே பின்பக்க வேலிச் சந்துல பூப் பறிக்கப் போயிருவா. ஞாயித்துக்கெழமையும் போவா. போனாப் போனதுதான், மத்தியானம் ஆயிரும். பாத்தா நாலு அரளிப்பூ கையில இருக்கும். நான் ஒண்ணும் கேட்டுக்கலை. பொம்பளைங்க சாமி வெசயத்துல தலையிடக்கூடாதுங்க.

இப்பச் சொல்றதைக் கவனமாக் கேளுங்க தம்பி. நீங்க என்ற எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேட்டுக்கிட்டே வாங்க.

ஒரு சனிக்கெழமை. நல்ல வெயில், மொதநாள் மழை பேஞ்சு நின்ன வெயில். களத்துல பொம்பளையாளுங்க கொப்பரையத் திருப்பிப் போட்டுட்டு இருந்தாங்க. நான் அந்த இரும்புக் கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். பாத்தா நாச்சிமுத்து ஓடி வர்றான். மேல சட்டையில்லை. கையில கடப்பாரை. நடந்து வரலைங்க, ஓடி வர்றான். ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாதவன், நீ இல்லாமப் போனான்னு சொன்னவன், கடப்பாரையோட கேட்டுக்கு அந்தப்பக்கம் வந்து நின்னு பூட்டு மேல ஒரு அடி அடிச்சான் பாருங்க, கேட்டே அதிருது.

எனக்குக் கை தானாப் போயிருச்சுங்க. வேட்டிய ஒதுக்குனேன், வந்துருச்சு. எதுலயும் மாட்டலை, சிக்கலை. அந்தக் கடைக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நீட்டிட்டேன். நில்லுடா, நகந்தீன்னாச் சுட்டுருவேன்னேன். கை நடுங்குச்சு, இல்லைங்கலை. லேசான சாமான் பாருங்க, நடுங்குனா நல்லாத் தெரியுது. வெரல் விசை மேல இருந்துச்சு. களத்துல பொம்பளைங்க கொப்பரையக் கையில வெச்சுக்கிட்டு அப்பிடியே நிக்கறாங்க.

அவன் கடப்பாரையக் கீழ போட்டான். ரெண்டு கையையும் மேல தூக்குனான். அண்ணா, கதவைத் தொறண்ணா, கீர்த்தியப் பாம்பு கடிச்சிருச்சு, கார்ல படுக்க வெச்சிருக்குது, இப்பிடிப் போனாச் சீக்கிரம் போயிரலாம்னான். அண்ணான்னு கூப்பிட்டான் தம்பி. ரெண்டு வருசத்துல மொத தடவை.

நான் என்ன நெனைப்பேன்? கீர்த்தனா கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்குது. மொதநாள் ராத்திரி கூட ஃபோன்ல, படிச்சுட்டு இருக்கறம்பான்னுச்சு. இவன் ஊட்டுல அதுக்கு என்ன வேலை? கேட்டைத் தொறக்க வெக்கறதுக்கு என்ற புள்ள பேரையே எடுக்கறான் பாருங்க, எவ்வளவு துணிச்சல்னு எனக்கு அப்பிடிக் கோவம் வந்துச்சு. என்ற மக பேரை உன் வாயில எடுத்தீன்னா இங்கயே சாய்ச்சுப்போடுவேன்னேன். அவன் மண்ணுல மண்டி போட்டுட்டான். கும்பிட்டான். மட்டைக் குவியல்ல காலை வெச்சிருச்சுண்ணா, கணுக்காலுக்கு மேல போட்டுருச்சு, கண்ணாடி விரியன், நான் அடிச்சு வெச்சிருக்கறேன், வந்து வேணாப் பாருங்கறான். போயிப் பாக்கறதா? அவன் ஊட்டுக்கு நான் தனியாப் போறதா? நல்ல ரோசனைதான்.

நான் அசையலை. அவன் என்ற மூஞ்சியப் பாத்தான், சாமானைப் பாத்தான். எந்திரிச்சுத் திரும்பி ஓடிட்டான். கொஞ்ச நேரத்துல வாய்க்கா மேட்டுப் பக்கம் காரு போற சத்தம் கேட்டுச்சு. சேத்துல எறங்கிச் சக்கரம் சுத்தற சத்தம், ஆளுங்க தள்ளற சத்தம், எல்லாங் கேட்டுச்சு. வெகு நேரம் கேட்டுச்சுங்க. நான் மோர் கொண்டாரச் சொல்லிக் குடிச்சேன். உள்ளபடியே சொல்றேன், அப்ப மனசு நெறைஞ்சிருந்துச்சு. ஒரு குண்டு செலவில்லாம ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன் பாத்தீங்களா?

அப்பறம் வசந்தாமணி வந்தா. வேலிச் சந்துல இருந்து வந்தா, கால்ல செருப்பில்லை, முட்டி வரைக்கும் சேறு. காரைத் தள்ளியிருக்கறா. காரு போயிருச்சு, அவளை ஏத்திக்கறதுக்கு எடமில்லை. நேரா எங்கிட்ட வந்து நின்னு, கேட்டுச் சாவி எங்கன்னு கேட்டா. எடுத்துக் குடுத்தேன். வாங்குனா. வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு அப்பிடியே களத்துல உக்காந்துட்டா. என்னடி ஆச்சுன்னேன். புள்ளைக்கு ஃபோன் போட்டுப் பாருங்கன்னா. போட்டேன். எடுத்தது நாச்சிமுத்து பொண்டாட்டி. பின்னால எம்பட மக மொனகற சத்தம் கேட்டுச்சு.

பூப் பறிக்கப் போனதெல்லாம் அங்கதான் தம்பி. சனி, ஞாயிறு வந்து சித்தப்பன் ஊட்டுல தங்கியிருக்குது. துப்பாக்கி இருக்கற வீட்டுல எனக்குத் தூக்கம் வராதும்மான்னு சொல்லுச்சாம். அதுக்கு ஆத்தாளும் ஒடந்தை. இத்தனை மாசமா எனக்கு ஒருத்தரும் சொல்லலை. என்ற பொண்டாட்டி, என்ற மக, என்ற தம்பி, களத்துல வேலை செய்யற ஆளுங்களுக்குக் கூடத் தெரியுமாம். எனக்குத் துரோகம் பண்ணிட்டு இப்பக் குத்தமும் எம்மேல. அன்னைக்கு ராத்திரி வசந்தாமணி ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. உங்க தம்பி சொன்னப்பவே ஃபோன் போட்டுப் பாத்திருக்கலாமில்லன்னா. எப்பிடிங்க போட முடியும்? ஒரு கையில துப்பாக்கி இருக்குது. கண்ணை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் எடுக்க முடியாது. அந்த நெலமையில இருந்து பாத்தாத்தான் தெரியும்.

பொழைச்சுருச்சுங்க. சாமி புண்ணியம். ஆனா வெசம் ஏறிப்போச்சு, நேரமாயிருச்சுன்னு டாக்டருங்க சொன்னாங்க. ரொம்ப நாளு கெடந்துச்சு, ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின்ல எல்லாம் போட்டாங்க. கணுக்காலுக்கு மேல சதையெல்லாம் செத்துப்போயி எடுத்துட்டு, தொடையில இருந்து தோலெடுத்து ஒட்டுனாங்க. ரத்தம் குடுத்தது நாச்சிமுத்து. தெனமும் சோறு கொண்டாந்தது அவன் பொண்டாட்டி. நான் போனா எம்புள்ள சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். ஒரு நாளு தலையத் தொட்டேன். நான் தொடறதுக்கு முன்னால அது என்ற இடுப்பைத்தான் பாத்துச்சு. என்ற கண்ணைப் பாக்கலைங்க, இடுப்பைப் பாத்துச்சு. அன்னைக்கு நான் கொண்டுட்டே போகலை தம்பி. இருந்தாலும் பாத்துச்சு.

அதுக்கப்பறம் போலீசு விசாரணை. யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டாங்க, தம்பிய நோக்கித் துப்பாக்கி நீட்டுனான்னு. அது நெசம்னு ஆச்சுன்னா லைசென்ஸ் போயிரும், உள்ள வெச்சாலும் வெச்சுருவாங்க. இதே இன்ஸ்பெக்டரம்மாதான் நாச்சிமுத்தைக் கூப்பிட்டுக் கேட்டுச்சு. அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? எங்கண்ணன் என்னைப் பாத்து எதையும் நீட்டலைங்க, அன்னைக்கு வார்த்தை மட்டும்தான் நடந்துச்சுன்னுட்டான். களத்து ஆளுங்களும் அதையே சொன்னாங்க. பயம் தம்பி. சொன்னா அப்பறம் நான் சும்மா உடமாட்டேன்னு பயம். இல்லைன்னா அவன் எதுக்கு என்னைக் காப்பாத்தணும்? ஒரு தடவை யோசிச்சுப் பாத்தேன். வேற காரணம் ஒண்ணும் தோணலை.

கேட்டு இப்பத் தொறந்துதான் கெடக்குது. வசந்தாமணி அன்னைக்கு வாங்குன சாவிய எங்க போட்டாளோ தெரியலை. ஆஸ்பத்திரியில இருந்து வந்து புள்ளையோட நேரா அந்த ஊட்டுக்கே போயிட்டா. பின்பக்கந்தான். சாயங்காலமானா மக நடை பழகறது தெரியும். தடியூனிட்டு வேலி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகும். நான் பாக்கறேன்னு தெரிஞ்சா உள்ள போயிரும். அதனால நான் ஜன்னலுக்குப் பின்னால நின்னுதான் பாக்கறது. வலது காலை இழுத்து இழுத்துத்தான் வெக்குது. பாக்கறப்ப எனக்கே கால் வலிக்கும்.

எலெக்சனுக்கு ஒப்படைச்சப்ப டிராயர்ப் பை காலியா இருந்துச்சு. மொத வாரம் ஒரு மாதிரியா இருந்துச்சு, எதையோ மறந்துட்டு வந்த மாதிரி கை அடிக்கடி அங்க போகும். ஒரு நாளு பாருங்க, வேலிகிட்ட வந்த புள்ள திரும்பாம நின்னுச்சு. அப்பா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு. சாப்பிட்டேன் சாமின்னேன். அவ்வளவுதான். அது கேட்டது அன்னைக்கு ஒரு நாளுதான். ஆனாக் கேட்டுச்சு.

இப்பச் சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? எனக்கு எம்புள்ள வேண்டாம்னா நெனைக்கறீங்க? அது வீட்டுக்கு வந்தாப் போதும், தூக்கிட்டே போயிருவேன், நடக்கக்கூட உடமாட்டேன். ஆனா இதுல நாச்சிமுத்து கை இருக்குதுன்னு எனக்குச் சந்தேகம். புள்ளைய முன்னால உட்டு என்ற கையில இருக்கறதைப் புடுங்கறான். நான் எழுதிக் குடுத்துட்டேன்னு வைங்க, வெறுங்கையோட நிக்கறேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். அப்பறம் பந்தியில எவன் மதிப்பான்? நாளைக்கு அவன் மறுபடியும் கடப்பாரையோட வந்தா? பாம்பு ஒரு தடவைதான் கடிக்கும், அடுத்த தடவை என்ன சொல்லிட்டு வருவான்?

தம்பி, அது இந்தப் பக்கம் பாக்குதுங்களா? நான் பாக்கலை, நீங்க சொல்லுங்க. பாக்குதா? எம்மூஞ்சியப் பாக்குதா, இல்லை... சரி உடுங்க.

கூப்பிட்டுட்டாங்க. சென்னியப்பன்னுதான கூப்பிட்டாங்க? போயிட்டு வந்தர்றேன். பையக் கொஞ்சம் பாத்துக்குங்க.

*

வந்துட்டேன் தம்பி. ரொம்ப நேரமாக்கிட்டாங்க. வேணும்னு ஒரே வார்த்தைதான் சொன்னேன், அதுக்கு அந்தம்மா ரெண்டு தடவை கேட்டுச்சு. நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றீங்களா, நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றீங்களான்னு. எனக்கென்ன தெரியாதா? கையெழுத்துப் போட்டேன், எடுத்துக் குடுத்துட்டாங்க. அங்கயே வெச்சுக்கிட்டேன். பாருங்க, தெரியுதா? துளி தெரியாது.

மரத்தடியில காணோம்? தண்ணி குடிக்கப் போச்சுங்களா?

போயிருச்சா. எப்பப் போச்சு? நான் கையெழுத்துப் போடறதை ஜன்னல்கிட்ட வந்து நின்னு பாத்துச்சா? நான் கவனிக்கலைங்களே. குனிஞ்சு எழுதிட்டு இருந்தேன், எப்பிடித் தெரியும். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமில்ல. அழுதுச்சுங்களா? அழுகலையா. யாரோட போச்சு, காரு வந்துச்சா? தனியாவா நடந்து போச்சு? இந்த வெயில்லயா? பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம், அது அந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்பிடித் தம்பி நடக்கும்? நீங்களாவது ஒரு ஆட்டோ பாத்து ஏத்தி உட்டிருக்கலாம்.

சரி. உங்களைச் சொல்லி என்ன பண்றது.

நான் சொல்றேன் பாருங்க. இன்னைக்கு நெலமைக்கு அந்தப் பெரிய வீட்டுல நான் ஒருத்தன். சுத்தியும் தென்னந்தோப்பு. வேலையாளுங்களும் அஞ்சு மணிக்கெல்லாம் போயிருவாங்க. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கீழ உழுந்தாலும் ஏன்னு கேக்க ஆளில்லை. அப்பிடித் தனியா இருக்கற மனுசனுக்கு ஒரு பாதுகாப்பு வேணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.